டிஎன்எஸ் சொல்வதை உங்கள் கணினியில் மட்டும் மாற்றுவது: ஹோஸ்ட்ஸ் கோப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தளத்தின் பெயரைப் பிரவுசரில் தட்டினால், அது எந்த சர்வரில் இருக்கிறது என்று டிஎன்எஸ் தேடிச் சொல்கிறது. அந்தத் தேடல் தொடங்கும் முன்பே, "இந்தப் பெயரா? இதோ முகவரி, வேறு யாரையும் கேட்க வேண்டாம்" என்று உங்கள் கணினிக்கு நீங்களே சொல்லிவிடலாம். அதற்குத் தேவை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரே ஒரு வரி. தளங்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள் வரும் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பாதைகள், கட்டளைகள் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் 203.0.113.10, ஆவணங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி. அந்த இடத்தில் உங்கள் சர்வரின் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் என்ன?

உங்கள் கணினியின் சொந்த முகவரிப் புத்தகம். இடப்பக்கம் ஐபி முகவரி, அதாவது சர்வரின் எண் முகவரி; வலப்பக்கம் பெயர். கணினி ஒரு பெயரைத் தேடும்போது வழக்கமாக முதலில் இதைத்தான் புரட்டும். அதில் இருந்தால் அதோடு தேடல் முடிந்தது, டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வியே போகாது. இல்லாவிட்டால்தான் வெளியே கேட்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது உண்டு.

டிஎன்எஸ் இருக்கும்போது இது எதற்கு இன்னும் இருக்கிறது?

உண்மையில் இதுதான் மூத்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் இருந்தன. ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்பது அதன் பெயர். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி வந்தால் அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது புதுப் பிரதியை இறக்கிக்கொள்வார்கள்.

கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற புது அமைப்பை வடிவமைத்தார். இன்றும் அடிப்படையாக இருக்கும் அதன் வரையறைகள் 1987இல் வந்தன. ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த பட்டியல் போனாலும் ஒவ்வொரு கணினியிலும் இருந்த சின்னக் கோப்பு போகவில்லை, முதலில் அதைப் பார்க்கும் வழக்கமும் போகவில்லை. அந்தப் பழைய வழக்கத்தைத்தான் நாம் இப்போது பயன்படுத்திக்கொள்கிறோம்.

யாருக்கு, எப்போது இது தேவைப்படும்?

என் வேலையில் ஒரே ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். தளம் பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் புது சர்வருக்குக் கொண்டுபோயாயிற்று. டிஎன்எஸ்ஸை மாற்றினால் உலகமே புது சர்வருக்கு வந்துவிடும். ஆனால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரியாமல் எப்படி மாற்றுவது? புது சர்வரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வேறு தளமோ வெற்றுப் பக்கமோதான் வரும். ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கும். எந்தப் பெயரைக் கேட்டு வந்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் சர்வர் சரியான தளத்தைக் கொடுக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி போட்டால், உண்மையான பெயரோடு புது சர்வருக்கு நீங்கள் மட்டும் போகலாம். மற்றவர்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் கணினியிலேயே ஓடும் தளத்துக்கு ஒரு பெயர் வைக்க இதைப் பயன்படுத்துவார்கள். வீட்டிலிருக்கும் பிரிண்டருக்கோ சேமிப்புப் பெட்டிக்கோ பெயர் சூட்டவும் உதவும். சில தளங்களைத் தடுக்கவும் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

கோப்பு எங்கே இருக்கிறது?

விண்டோஸில்: சி டிரைவ், அதில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அந்த ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ், எல்எம்ஹோஸ்ட்ஸ்.எஸ்ஏஎம், நெட்வொர்க்ஸ், புரோட்டோகால், சர்வீசஸ் என்று ஐந்து கோப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது வெறும் ஹோஸ்ட்ஸ், பின்னால் புள்ளியும் இல்லை, வேறு எழுத்தும் இல்லை. எல்எம்ஹோஸ்ட்ஸ் மாதிரிக் கோப்பைத் திறந்து திருத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு.

மேக்கிலும் லினக்ஸிலும்: /ஈடிசி/ஹோஸ்ட்ஸ். அவ்வளவுதான்.

விண்டோஸில் சேமிக்க விடமாட்டேன் என்கிறதே?

விடாது. இது சிஸ்டம் கோப்பு. நோட்பேடைச் சாதாரணமாகத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. ஸ்டார்ட் மெனுவில் நோட்பேட் என்று தேடி, அதன் மேல் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் தெரிவை எடுங்கள். அப்புறம் நோட்பேடுக்குள்ளிருந்து கோப்பைத் திறங்கள். திறக்கும் பெட்டியில் எழுத்துக் கோப்புகள் மட்டுமே காட்டப்படுவதால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் வெளியே வரும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. சேமிக்க விடவில்லை என்பதால் டெஸ்க்டாப்பில் சேமித்து, பிறகு இழுத்துக்கொண்டு போய் ஈடிசி ஃபோல்டரில் போடுவார்கள். நோட்பேட் கமுக்கமாக .டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டியிருக்கும். விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்துக் காட்டுவதால் ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தெரியும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே இடத்தில் இருக்க முடியாதே என்று அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் எக்கோ கட்டளையையும் இரட்டை அம்புக்குறியையும் (>>) வைத்து வரி சேர்ப்பவர்கள் கவனிக்க: விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் 5.1, அப்படிச் சேர்க்கும் எழுத்தை இரண்டு பைட் வடிவில் எழுதும். கோப்பின் மீதி வேறு வடிவில் இருக்கும். கண்ணுக்கு இடைவெளி விட்ட எழுத்துகள் போலத் தெரியும், கணினிக்கு அது குப்பை. நோட்பேடே மேல். கையில் மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் இருந்தால் அதிலேயே ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த ஒரு கருவி இருக்கிறது.

மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலைத் திறந்து சூடோ நானோ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் என்று தட்டி, கடவுச்சொல் கொடுத்து, திருத்திவிட்டு, கண்ட்ரோல் ஓ, என்டர், கண்ட்ரோல் எக்ஸ். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் நகராது, பயப்பட வேண்டாம்.

வரியை எப்படி எழுத வேண்டும்?

முதலில் முகவரி, ஒரு இடைவெளி அல்லது டேப், பிறகு பெயர். இப்படி:

203.0.113.10 எக்ஸாம்பிள்.காம்
203.0.113.10 டபிள்யூடபிள்யூடபிள்யூ.எக்ஸாம்பிள்.காம்

இரண்டு வரி எதற்கு என்றால், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயரும் இல்லாத பெயரும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, தளம் தானாக மற்றொன்றுக்குத் திருப்பிவிட, பழைய சர்வரைப் பார்த்துக்கொண்டே "புது சர்வரில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்ன ஆள் நானேதான். ஒரே வரியில் இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதலாம். தனித்தனியாக எழுதினால் பிறகு நீக்குவது சுலபம்.

# குறி போட்டால் அதற்குப் பின் வருவதைக் கணினி கண்டுகொள்ளாது. அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். நான் ஒவ்வொரு வரிக்கும் மேலே தேதியும் காரணமும் எழுதுவேன்: "# மார்ச் 12, தள மாற்றச் சோதனை, முடிந்ததும் நீக்கு".

ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளை இரண்டு வரியில் வைக்காதீர்கள். எது எடுக்கப்படும் என்பது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் தட்டிவிடுவதும் நல்ல பழக்கம்.

எச்டிடிபி, போர்ட் எண், பக்கத்தின் பாதை இதெல்லாம் எழுதலாமா?

கூடாது. இந்தக் கோப்புக்குத் தெரிந்தது பெயரும் முகவரியும் மட்டுமே. எச்டிடிபிஎஸ் என்று முன்னால் எழுதினாலும், :8080 என்று பின்னால் எழுதினாலும் வரி வேலை செய்யாது. ஒரு பக்கத்தை மட்டும் வேறு சர்வருக்கு அனுப்பவும் முடியாது. வலப்பக்கம் இருப்பது பெயர்தான் என்பதால், "இந்தப் பெயரை அந்தப் பெயருக்குத் திருப்பு" என்றும் எழுத முடியாது. இடப்பக்கம் கண்டிப்பாக ஐபி முகவரி வேண்டும்.

நட்சத்திரக் குறி போட்டு எல்லா உட்பெயர்களையும் (கடை.எக்ஸாம்பிள்.காம் போன்றவை) ஒரே வரியில் அடக்க முடியுமா?

முடியாது. நட்சத்திரத்தை இந்தக் கோப்பு புரிந்துகொள்ளாது. பத்து உட்பெயர்கள் என்றால் பத்து வரிகள். நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டால் டிஎன்எஸ்மாஸ்க் போன்ற ஒரு சின்ன டிஎன்எஸ் நிரலை உங்கள் கணினியிலேயே ஓடவிடுங்கள். ஒரு டொமைனையும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே வரியில் அதில் திருப்பலாம். மேக்கில் /ஈடிசி/ரிசால்வர் என்ற ஃபோல்டரில், குறிப்பிட்ட டொமைனின் பெயரிலேயே ஒரு கோப்பு வைத்து, அந்த டொமைனுக்கு மட்டும் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். டிஎன்எஸ்மாஸ்க்கோடு சேர்த்தால் அது நல்ல ஜோடி.

மாற்றினேன், சேமித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

மிகவும் அதிகமாக வரும் கேள்வி இதுதான். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பிங் செய்து பாருங்கள். டெர்மினலில் அல்லது கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, பெயர். பதில் வருகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. பல சர்வர்கள் பிங்குக்குப் பதிலே சொல்லாது. முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் காட்டப்படும் முகவரியைப் பாருங்கள். நீங்கள் எழுதிய முகவரி இருந்தால் கோப்பு வேலை செய்கிறது, பிரச்சினை பிரவுசரில். பழைய முகவரி இருந்தால் பிரச்சினை கோப்பில்: எழுத்துப்பிழை, வால் ஒட்டிய பெயர், வரியின் தொடக்கத்தில் # மிச்சமிருப்பது, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கோப்பு சரிதான் என்றால் சிஸ்டத்தின் டிஎன்எஸ் நினைவை, அதாவது முன்பு தேடிய முகவரிகளைச் சேர்த்து வைத்திருப்பதை, துடையுங்கள். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். மேக்கில் சூடோ டிஎஸ்கேச்யுட்டில் -ஃப்ளஷ்கேச், அதைத் தொடர்ந்து சூடோ கில்ஆல் -எச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர். சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ். விண்டோஸ் இந்தக் கோப்பு மாறியதைத் தானே கவனித்து எடுத்துக்கொள்ளும் என்றாலும், செய்வதில் நஷ்டமில்லை.

அடுத்து பிரவுசர். அதற்குத் தனி நினைவு இருக்கிறது. அதைவிடத் தொல்லை, பழைய சர்வரோடு திறந்த இணைப்பை அது மூடாமல் கையில் வைத்திருக்கும். பெயரையே மறுபடி தேடாமல் அந்த இணைப்பிலேயே பக்கத்தை எடுத்துவரும். டேபை மூடினால் போதாது, பிரவுசரையே முழுக்க மூடித் திறங்கள். குரோமில் குரோம்://நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்துக்குப் போனால் டிஎன்எஸ் நினைவையும் திறந்திருக்கும் இணைப்புகளையும் (சாக்கெட்டுகள்) தனித்தனியே துடைக்கலாம். பக்கமும் படங்களும் பிரவுசரில் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தனிப்பட்ட சாளரத்தில் சோதிப்பது நல்லது.

அப்புறம் விபிஎன், பிராக்ஸி, அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் நிற்கும் சர்வர்கள். பிராக்ஸி வழியாகப் போகும்போது பெயரைத் தேடும் வேலையைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சர்வரே செய்துவிடும், உங்கள் கோப்பை யாரும் கேட்கமாட்டார்கள். டார் பிரவுசரும் அப்படித்தான். அலுவலகக் கணினியில் "வீட்டில் வேலை செய்தது, இங்கே செய்யவில்லை" என்றால் நான் முதலில் கேட்பது பிராக்ஸி உண்டா என்பதைத்தான்.

இப்போதைய பிரவுசர்கள் டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்புகின்றனவே, அப்போது ஹோஸ்ட்ஸ் கோப்பு செத்ததா?

இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இயல்பான அமைப்பில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ள பெயர்களுக்கு மதிப்புக் கொடுக்கின்றன. ஆனால் அந்த முடிவை எடுப்பது பிரவுசர்தான், சிஸ்டம் இல்லை. சந்தேகம் வந்தால் பிரவுசர் அமைப்பில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற தெரிவைத் தற்காலிகமாக அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

என்எஸ்லுக்அப் பழைய முகவரியையே காட்டுகிறது. கோப்பு வேலை செய்யவில்லையா?

செய்கிறது. என்எஸ்லுக்அப், டிக் இரண்டும் டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்கும் கருவிகள். ஹோஸ்ட்ஸ் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. ஒருவகையில் இது நல்லது: "என் கணினி என்ன நினைக்கிறது" என்பதைப் பிங்கிலும், "வெளியுலகம் என்ன சொல்கிறது" என்பதை என்எஸ்லுக்அப்பிலும் பார்த்து ஒப்பிடலாம். லினக்ஸில் கெட்டென்ட் ஹோஸ்ட்ஸ் என்று தட்டிப் பெயரைக் கொடுத்தால், நிரல்களுக்குக் கிடைக்கும் அதே பதில் வரும்.

நான் பார்ப்பது உண்மையில் புது சர்வர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு தளங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. புது சர்வரில் மட்டும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைத்துவிடுங்கள், உள்ளே "புது வீடு" என்று இரண்டு சொல். அந்தக் கோப்பின் முகவரியைத் தட்டி, அது வந்தால் புது சர்வர், 404 வந்தால் பழையது. இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. கருவி வேண்டுமென்றால் குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் ஒரு வரியைக் கிளிக் செய்தால் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று காட்டும்.

இந்த நிலையில் தளத்தில் எதையும் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. நீங்கள் சேர்க்கும் கட்டுரை, மாற்றும் விலை, கொடுக்கும் பதில் எல்லாம் புது சர்வரின் தரவுத்தளத்துக்குத்தான் போகும். வாசகர்கள் அதே நேரம் பழையதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் பிறகு சேர்ப்பது தலைவலி. படிவத்தைச் சோதித்தால் நிஜமான மின்னஞ்சல் நிஜமான ஆளுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சர்வர் சரி, ஆனால் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டுகிறது?

பிரவுசரைப் பொறுத்தவரை நீங்கள் எக்ஸாம்பிள்.காம் தளத்துக்குத்தான் போகிறீர்கள். முகவரியை நீங்கள் மாற்றியது அதற்குப் பொருட்டே இல்லை. எதிரே இருக்கும் சர்வர் அந்தப் பெயருக்கான சான்றிதழைக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை. தளம் எப்போதும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வர வேண்டும் என்று முன்பே பிரவுசரிடம் சொல்லியிருந்தால், எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தான்கூட இருக்காது.

பழைய சர்வரில் உள்ள சான்றிதழையும் சாவியையும் புது சர்வருக்கு நகலெடுத்து வைப்பதே நேர்வழி. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் புதிதாக வாங்கலாமே என்றால், அதன் வழக்கமான சோதனை பொது டிஎன்எஸ் காட்டும் சர்வருக்குத்தான் வரும், அதாவது பழைய சர்வருக்கு. உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பு அவர்களுக்கு எப்படித் தெரியும்? டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு சேர்த்து நிரூபிக்கும் முறையில் மட்டும் முன்கூட்டியே வாங்க முடியும்.

யாராவது என் ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றி வங்கித் தளத்தைப் போலியாகக் காட்ட முயன்றாலும் இதே சான்றிதழ்தான் குறுக்கே நிற்கும். எனவே உங்கள் சொந்தச் சோதனைக்கு வெளியே அந்த எச்சரிக்கையை ஒருபோதும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

என் கணினியில் ஓடும் தளத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

.டெஸ்ட் என்று முடியும் பெயர். 1999இலேயே சோதனைக்கென ஒதுக்கிவிட்டார்கள், நிஜ உலகில் யாருக்கும் கிடைக்காது. .டெவ் வேண்டாம்; அது இப்போது உண்மையான டொமைன் வகை, அதோடு பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்கும். முன்பு நிறையப் பேர் .டெவ் வைத்திருந்து, 2017இல் குரோம் இந்த விதியைக் கொண்டுவந்தபோது அவர்களின் தளங்கள் ஒரே நாளில் திறக்க மறுத்தன. .லோக்கல் கூட வேண்டாம். பிரிண்டர் போன்ற கருவிகளை உள் வலையில் கண்டுபிடிக்கும் வேறு முறைக்கு அது உரியது, மோதும்போது தளம் திறக்கத் தாமதமாகும். உள் வலைக்கு நிரந்தரமாக ஒரு பெயர் வேண்டுமென்றால் .இன்டர்னல் இருக்கிறது, 2024இல் தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது.

.லோக்கல்ஹோஸ்ட் என்று முடியும் பெயர்களைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தாமாகவே உங்கள் கணினிக்கே அனுப்பிவிடும். கோப்பைத் தொடவே வேண்டாம்.

127.0.0.1, ::1, 0.0.0.0 மூன்றும் ஒன்றுதானா?

முதல் இரண்டும் "இந்தக் கணினியே" என்று பொருள். முதலாவது ஐபிவி4, இரண்டாவது ஐபிவி6. 0.0.0.0 எந்த இடத்தையும் குறிக்காத முகவரி.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்றால், உங்கள் நிரல் 127.0.0.1இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ::1ஐக் கொடுக்கும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று பிழை வரும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் 17ஆம் பதிப்பு வந்தபோது பலர் இதில் மாட்டினார்கள். அதுவரை அது ஐபிவி4 முகவரியை முன்னால் வைத்துக் கொடுத்தது, அதன்பின் சிஸ்டம் கொடுத்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது.

விளம்பரங்களையும் தொல்லைத் தளங்களையும் இதில் தடுக்கலாமா?

தடுக்கலாம். வேண்டாத பெயருக்கு 0.0.0.0 எழுதினால் தொடர்பு போகாது. பல்லாயிரம் பெயர்கள் கொண்ட ஆயத்தப் பட்டியல்களும் கிடைக்கின்றன. எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. நட்சத்திரக் குறி இல்லாததால் உட்பெயரை மாற்றி மாற்றி வரும் விளம்பரங்கள் தப்பிவிடும். தளத்தின் சொந்தப் பெயரிலேயே வரும் விளம்பரத்தைத் தொடவே முடியாது. மிகப் பெரிய பட்டியல் விண்டோஸின் பெயர் தேடும் சேவையை மந்தமாக்கும். பிரவுசர் நீட்சி இந்த வேலையை நன்றாகச் செய்யும். ஐந்தாறு தளங்களை நீங்களே உங்களிடமிருந்து ஒளித்துவைக்க இது போதும். கோப்பைத் திருத்த எடுக்கும் ஒரு நிமிடத்தில் மனம் மாறிவிட வாய்ப்பு உண்டு.

தமிழில் உள்ள டொமைன் பெயரை அப்படியே எழுதலாமா?

எழுதினால் பிரவுசரில் வேலை செய்யாது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற பெயர்களைப் பிரவுசர் தேடுவதற்கு முன் எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறு கோடுகளும் முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது. பியூனிகோட் என்று அதற்குப் பெயர். கோப்பிலும் அந்த வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

நான் தொடாமலே இந்தக் கோப்பு மாறியிருக்கிறது. வைரஸா?

இருக்கலாம். தீங்கு நிரல்களுக்கு இது பழைய விளையாட்டு மைதானம். 2004 ஜனவரியில் பரவிய மைடூம் புழுவின் இரண்டாம் வகை, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களுக்குப் போக முடியாதபடி இந்தக் கோப்பையே மாற்றியது. மருந்துக் கடைக்கான வழியை அடைத்துவிட்டு நோய் பரப்பிய மாதிரி. அதனால்தான் வைரஸ் தடுப்பு நிரல்கள் இந்தக் கோப்பைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கின்றன. சில சமயம் நீங்களே செய்த மாற்றத்துக்கும் கத்தும்: 2020இல் விண்டோஸ் டிஃபெண்டர், மைக்ரோசாஃப்ட்டின் தகவல் சேகரிப்பு சர்வர்களைத் தடுக்கும் வரிகள் இருந்தால் அதைக் கடத்தல் என்று முத்திரை குத்தத் தொடங்கியது.

வைரஸ் இல்லாமலும் மாறும். டோக்கர் டெஸ்க்டாப் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் கருவி), விபிஎன் நிரல்கள் போன்றவை தங்கள் வரிகளைச் சேர்ப்பதுண்டு. பெரும்பாலும் # போட்டுத் தங்கள் பெயரைச் சொல்லிவிடும். பெயர் சொல்லாமல் வங்கி, மின்னஞ்சல், பாதுகாப்பு நிறுவனத் தளங்களுக்கு வரி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டோக்கருக்குள்ளும் விண்டோஸில் ஓடும் லினக்ஸுக்குள்ளும் என் வரி செல்லுமா?

டோக்கர் கன்டெய்னருக்குத் தனி ஹோஸ்ட்ஸ் கோப்பு உண்டு. உங்களுடையதை அது எடுத்துக்கொள்ளாது. ஓடவிடும்போது ஆட்-ஹோஸ்ட் என்ற தெரிவில் தனியாகக் கொடுக்க வேண்டும். விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ், அதாவது டபிள்யூஎஸ்எல், தொடங்கும்போது விண்டோஸின் வரிகளை எடுத்துத் தன் கோப்பைத் தானே எழுதிக்கொள்ளும். அதற்குள் போய்க் கையால் சேர்த்த வரி அடுத்த முறை காணாமல் போவது அதனால்தான்.

கோப்பைத் தொடாமல் ஒரே ஒரு முறை சோதிக்க வழி உண்டா?

உண்டு, இப்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் செய்கிறேன். டெர்மினலிலிருந்தே வலைப்பக்கத்தை எடுக்கும் கர்ல் கட்டளையில் --ரிசால்வ் என்று கொடுத்து, பெயர், 443, முகவரி மூன்றையும் முக்காற்புள்ளி இட்டுச் சேர்த்து எழுதினால் அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் மாற்று முகவரி பயன்படும். குரோமையும் --ஹோஸ்ட்-ரிசால்வர்-ரூல்ஸ் என்ற தெரிவோடு தொடங்கலாம். அந்தச் சாளரத்தை மூடினால் மாற்றமும் போய்விடும். ஏற்கெனவே ஓடும் குரோமை முழுக்க மூடிவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிவு எடுபடாது.

போனில் செய்யலாமா?

ஆண்ட்ராய்டில் ரூட் செய்யாமல், அதாவது சிஸ்டத்தின் முழு உரிமையைப் பெறாமல், அந்தக் கோப்பை எழுத முடியாது, ஐபோனில் வழக்கமான முறையில் அதற்கு வழியே இல்லை. போனில் சோதிக்க வேண்டுமென்றால் போனின் வைஃபை பிராக்ஸியாக உங்கள் கணினியில் ஒரு பிராக்ஸி நிரலை ஓடவிடுங்கள். பெயரைத் தேடுவது கணினி என்பதால் அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பு போனுக்கும் பயன்படும்.

பழையபடி ஆக்குவது எப்படி?

நீங்கள் சேர்த்த வரியை நீக்குங்கள், அல்லது முன்னால் # போடுங்கள். நினைவைத் துடையுங்கள், பிரவுசரை மூடித் திறங்கள்.

செய்முறை இவ்வளவுதான். கஷ்டமானது, நீக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. ஒரு தளத்தை மாற்றிக் கொடுத்த பிறகு வரியை அப்படியே விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து அவர்கள் வேறு சர்வருக்குப் போனார்கள். "முகப்பில் புதுப் படம் மாற்றியிருக்கிறோம், பாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்ல, எனக்குப் பழைய படமே தெரிந்தது. "இல்லையே, மாறவில்லையே" என்று அடித்துச் சொல்லி, அவர்களை இரண்டு முறை நினைவைத் துடைக்க வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டினேன். கடைசியில் போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்தபோதுதான் புதுப் படம் சிரித்தது. இந்த வரி காலாவதியாகாது, கணினி நினைவூட்டாது, எந்த மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளிகூட எரியாது. அன்றிலிருந்துதான் வரிக்கு மேலே தேதி எழுதும் பழக்கம்.

கோப்பு முழுவதையும் குழப்பிவிட்டீர்கள் என்றால்: விண்டோஸ் 7 முதல் இயல்பான கோப்பில் இருப்பதெல்லாம் # வரிகள்தான், லோக்கல்ஹோஸ்ட்டைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். எனவே வெறுமையான கோப்பாக வைத்தாலும் தவறில்லை. மேக்கில் அப்படிக் காலி செய்யாதீர்கள். 127.0.0.1க்கும் ::1க்கும் லோக்கல்ஹோஸ்ட், 255.255.255.255க்கு பிராட்காஸ்ட்ஹோஸ்ட் என்ற மூன்று வரிகளும் இருக்க வேண்டும். உபுண்டு, டெபியனில் 127.0.1.1 என்ற வரியில் உங்கள் கணினியின் பெயர் இருக்கும். அதை நீக்கிவிட்டால் சூடோ தட்டும்போதெல்லாம் ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முணுமுணுக்கும். திரும்ப எழுதிவிடுங்கள், அடங்கிவிடும்.